தபால் அட்டையில் நின்ற காத்தாயி

நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டு இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. சுங்கச் சோதனைக்காகப் பெட்டியைத் திறந்து காட்டும்போது, என் கைப்பையில் இருந்த பழைய படத் தபால் அட்டை தரையில் விழுந்தது. வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒருவர் குனிந்து எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும் முன் நன்றாகப் பார்த்தார்.

"யாரும்மா இது?"

"என் பெரியம்மா."

அவர் அட்டையின் அடியில் இருந்த இங்கிலீஷ் வரியைப் படித்தார். என் கைக்கடிகாரத்தையும் நைலக்ஸ் சேலையையும் ஒரு தரம் பார்த்தார். "கூலிகள்னு போட்டிருக்கே" என்றார், நான் ஏதோ பொய் சொல்லிவிட்டதுபோல.

ஆமாம், அப்படித்தான் போட்டிருக்கிறது: 'நெல் வயல் கூலிகள், தஞ்சாவூர்.' படத்தில் சேற்று வயலில் பெண்கள் வரிசையாகக் குனிந்து நாற்று நடுகிறார்கள். முகம் தெரியாது, முதுகுதான். நடுவில் ஒருத்தி மட்டும் நிமிர்ந்து நிற்கிறாள். இடது கையில் நாற்று முடி. நேராக நம்மைப் பார்க்கிறாள். பின்னால் ஒரு செங்கல் மதகு. அதற்கும் அப்பால் நாலைந்து கூரை வீடுகள்.

என் அம்மா பாக்கியம் சிறு பிள்ளையாக இருந்தபோது அவளுடைய அப்பாவோடு மலாயாவுக்குக் கப்பல் ஏறியவள். அக்கா காத்தாயி வரவில்லை. அவளுக்குக் கல்யாணமாகி, புருஷன் ஒரு மிராசுதாரிடம் பண்ணையாளாக இருந்தான். பண்ணையாள் நினைத்தால் ஊரை விட்டுப் போய்விட முடியாது. பல வருஷம் கழித்து, அம்மா ரப்பர் தோட்டத்துத் துரையின் பங்களாவில் மேசை துடைத்துக்கொண்டிருந்தபோது, யாரோ துரைக்கு இந்தியாவிலிருந்து அனுப்பிய இந்த அட்டையைப் பார்த்தாள். துடைத்த துணியைக் கீழே போட்டுவிட்டு நின்றாளாம். துரை ஊருக்குத் திரும்பும்போது என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, இதைத்தான் கேட்டு வாங்கினாள்.

"எல்லாரும் குனிஞ்சிருக்காளுங்க. எங்க அக்கா மட்டும் நிமிர்ந்து நிக்கிறா பாரு. படம் எடுக்கறான்னதும் கெத்தா நின்னிருக்கா" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா போன பிறகு, ஈப்போவில் நான் வேலை பார்க்கும் தமிழ்ப்பள்ளியில் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கையில் இருந்தவை அந்த அட்டையும், குடவாசல் பக்கம் தென்னோடைக்குடி என்ற ஊர்ப் பெயரும்தான்.

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் கும்பகோணத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. வழி நெடுக நெல்வயல்தான். நம் மலேசியாவில் பால்மரம் எனும் ரப்பர் மரம் எப்படிப் பார்வை முட்டும்வரை நிற்குமோ அப்படி. திருவாரூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் நடவுக் கூலி கேட்டு ஊர்வலம் போகிறது. செங்கொடி பிடித்த பெண்கள், இடுப்பில் பிள்ளைகளோடு, வெயிலில் நடந்தார்கள்.

"ஆட்சி மாறினதுலேருந்து இதுங்களுக்குக் கொம்பு முளைச்சிருக்கு" என்றார் குமாஸ்தா. பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க மலேயாவுல எந்த ஆளுங்க?" என்று கேட்டார்.

"டீச்சர் ஆளுங்க" என்றேன். அதற்குப் பிறகு அவர் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தார்.

குடவாசலில் என் பள்ளித் தோழி ஒருத்தியின் தம்பி வீட்டில் தங்கினேன். மறுநாள் காலை இட்லிக்குக் கடப்பா வைத்தார்கள். உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் தேங்காயும் சேர்ந்த அந்தக் குழம்புக்காக மட்டுமே இன்னொரு தரம் கப்பல் ஏறலாம். "பசியாறிட்டேன், போதும்" என்று நான் சொன்னதும் வீட்டுப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். காலைச் சாப்பாட்டைப் பசியாறுவது என்று சொல்கிற நம் பேச்சு அவர்களுக்கு வேடிக்கை.

தென்னோடைக்குடியில் இறங்கி யாரைக் கேட்டாலும் பெரிய பண்ணை வீட்டுக்கே கை காட்டினார்கள். மிராசுதார் நடராஜனுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஆளுங்கட்சிக் கரை போட்ட வேட்டி கட்டியிருந்தார். அந்தக் கட்சி மேடைக்கு மேடை யாரைத் திட்டி ஆட்சிக்கு வந்ததோ அந்த ரகத்து ஆள். "மலேசியாவிலேருந்தா? வாங்கம்மா, வாங்க" என்று கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். உள்ளே பார்த்து, "காபி கொண்டாங்க" என்று குரல் கொடுத்தார். அட்டையை நீட்டினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட! இது எங்க தாத்தா கட்டின மதகும்மா! இந்தாங்க, அங்க பாருங்க."

சுவரில் அதே படம், பெரியதாக, கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. மதகுக்குச் செங்கல் எங்கே சுட்டது, கொத்தனார் எந்த ஊர், திறப்பு விழாவுக்கு வந்த துரை என்ன சாப்பிட்டார் என்று எல்லாம் சொன்னார். அந்த விழாவுக்கு வந்த துரைதான் மறுநாள் வயலில் இந்தப் படத்தை எடுத்தாராம். நான் காத்திருந்து கேட்டேன்.

"இந்தப் பொம்பளைங்க யாருங்க?"

"அவங்களா? நம்ம பண்ணை ஆளுங்க."

"பேரு?"

"அதெல்லாம் யாருக்கும்மா தெரியும்."

"நடுவுல நிக்கிறவங்க என் பெரியம்மா. காத்தாயின்னு பேரு."

மாடிப்படியில் நின்றிருந்த அவருடைய மகன், மெட்ராஸில் படிக்கிறவன், அப்பாவிடம் இங்கிலீஷில் சொன்னான்: 'அந்த ஜாதிப் பெண்ணைப் போய் நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறீர்களே, அத்தை பார்த்தால் வீட்டையே கழுவச் சொல்வார்.' நான் ஈப்போவில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷும் சொல்லிக்கொடுக்கிறவள். அவனுக்கு அதே மொழியில், "கழுவுங்கள், நாற்காலியில் தூசி இருக்கிறது" என்றேன். அவன் படியேறிப் போய்விட்டான்.

உள்ளே டிக்காக்ஷன் இறங்கும் வாசனை வந்துகொண்டிருந்தது. காபி மட்டும் வரவில்லை.

மிராசுதார் மரியாதையை விடவில்லை, தொனிதான் மாறியிருந்தது. "நீங்க தேடற அந்தக் காலத்து ஆளுங்க யாரும் இப்ப இல்ல. எல்லாம் மலேயா, பர்மான்னு போயிட்டாங்க. வாய்க்காலுக்கு அந்தாண்ட இப்ப இருக்கறது எல்லாம் நேத்து வெளியூர்லேருந்து வந்து குந்தினதுங்க. வெயில்ல அலையாதீங்க. பஸ்ஸு இருக்கு, போயிடுங்க" என்றார்.

நான் அவரை நம்பிவிட்டேன் என்பதை நினைத்தால் இப்போதும் எரிகிறது. ஆனாலும் கடல் தாண்டி வந்தாயிற்று, மதகையாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்று வாய்க்கால் கரையோடு நடந்தேன். படத்தில் இருந்தபடியே மதகு நின்றது. பின்னால் அதே இடத்தில் கூரை வீடுகள். அங்கே போவதற்குப் பாலம் கிடையாது. ஒரு பனைமரத்தைக் குறுக்கே கிடத்தியிருந்தார்கள். பாதி மரத்தில் என் செருப்பு வழுக்கியது. நான் இடுப்பளவு தண்ணீரில் நின்றேன், கைப்பையை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

நாற்றுக்கட்டோடு வந்த ஒரு பெண் சிரித்துக்கொண்டே கை கொடுத்து ஏற்றினாள். ஐம்பதைத் தாண்டியவள். "செருப்போட பனைமரத்துல ஏறுறவங்களை இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஈரக் கையால் அட்டையை எடுத்தேன். அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒரு பெண் எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினாள்: "அடியே அஞ்சம்மா, நீ எப்படீ படம் புடிச்சுக்கிட்ட?"

அஞ்சம்மா அட்டையைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். "இது நான் இல்ல. எங்கம்மா" என்றாள்.

"உங்கம்மா பேரு?"

"காத்தாயி. தங்கச்சி ஒண்ணு கப்பல்ல போச்சுன்னு சொல்லும். பாக்கியமோ என்னமோ பேரு."

"பாக்கியத்தோட மகதான் நான்" என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் என் ஈரச் சேலையோடு சேர்த்து என்னைக் கட்டிக்கொண்டாள். அக்கா என்று நான் கூப்பிட ஆள் இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. காத்தாயிப் பெரியம்மா செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

அன்றைக்கு அங்கேயே தங்கினேன். வயல் நண்டை இடித்துப் பிழிந்து மிளகு போட்டு ரசம் வைத்தாள் அக்கா. மூக்கில் தண்ணீர் ஓட ஓடக் குடித்தேன். சாப்பிட்டு முடிந்ததும், அம்மா சொல்வதை அவளிடம் சொன்னேன். எல்லாரும் குனிந்திருக்கும்போது தன் அக்கா மட்டும் கெத்தாக நின்றாள் என்று அம்மாவுக்கு எவ்வளவு பெருமை!

அஞ்சம்மா அக்கா ரசச் சட்டியை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"கெத்தா எங்க நின்னுச்சு? கரையில தூளி கட்டி என்னைப் போட்டிருந்துச்சாம். படம் புடிக்கிற துரைக்குப் பின்னாடி. நான் வீல்னு கத்தியிருக்கேன். எறும்பு கடிச்சுதோ என்னமோ. அம்மா நிமிர்ந்து பாத்திருக்கு. அந்த நேரம் துரை அமுக்கிட்டான்."

"அப்புறம்?"

"துரையோட படத்தை இவ கெடுத்துட்டான்னு சாயங்காலம் களத்துல கட்டி வச்சு அடிச்சாங்க. பால் குடிக்கிற பிள்ளைக்காரி. ரெண்டு நாள் பால் சுரக்கலைன்னு எங்கம்மா சாகற வரைக்கும் சொல்லும்."

கெட்டுப்போன படம்தான் அச்சாகிக் கடல் தாண்டிப் போனது. அதே படம்தான் அடித்தவர் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. என் அம்மா அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு பெருமைப்பட்டுச் செத்தாள். எனக்கு யார் மேல் கோபப்படுவதென்றே தெரியவில்லை. அந்த அட்டையைக் கிழித்து அடுப்பில் போடத் தோன்றியது. அக்காதான் தடுத்தாள்.

"போடாத. நாளன்னிக்கு வேணும் அது."

அப்போதுதான் மிராசுதார் சொன்ன பொய்யின் காரணம் புரிந்தது. பிறத்தியார் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்துவரும் தொழிலாளிகளுக்கு அந்த மனை சொந்தம் என்று அரசாங்கம் புதிதாகச் சட்டம் கொண்டுவந்திருந்தது. அந்தக் கூரை வீட்டுத் தெருவே மனு கொடுத்திருந்தது. மிராசுதார், இவர்கள் நேற்று வந்தவர்கள் என்று ஆட்சேபம் எழுதியிருந்தார். விசாரணைக்கு அதிகாரி ஊருக்கே வருகிறார். 'அந்தாண்ட இருக்கறது எல்லாம் வெளியூர்' என்று அவர் என்னிடம் சொன்னது, விசாரணையில் சொல்லப்போவதற்கு ஒத்திகை.

மறுநாள் குடவாசல் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கே வந்துவிட்டேன். விசாரணை பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் நடந்தது. அதிகாரி இளைஞர், மேசைக்குப் பின்னால் வியர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மிராசுதார் நாற்காலியில். தெருவில் இருந்து வந்தவர்கள் எல்லாம் மண்ணில். நான் மண்ணிலேயே உட்கார்ந்தேன். மிராசுதார் எழுந்து, "இவங்க பூர்வீகக் குடி இல்லீங்க. இரக்கப்பட்டு ஒதுங்க இடம் குடுத்தோம். இப்ப நிலமே எங்களுதுங்கறாங்க" என்றார்.

நான் அட்டையைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். "இது என் பெரியம்மா. பின்னால் இருப்பது இந்தத் தெரு. இதே படம் அவர் வீட்டிலும் இருக்கிறது. இவர்கள் எங்கள் பண்ணை ஆட்கள் என்று இவரே என்னிடம் சொன்னார்."

"நான் அப்படிச் சொல்லலைங்க" என்றார் மிராசுதார். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

அதிகாரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அம்மா, மதகு தெரியுது. குடிசை தெரியுது. ஆனா இவங்க யாருன்னு இதுல எங்க போட்டிருக்கு? கூலிகள்னுதான் போட்டிருக்கு. இந்தத் தெருக்காரங்கதான்னு நான் எப்படி எழுதறது?"

அவர் கேட்டதில் தப்பில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. ஒரு மனுஷியின் பேரைக் கேட்டு எழுத எவ்வளவு நேரமாகும்? செங்கல் சுட்ட ஊர் வரைக்கும் ஞாபகம் வைத்திருக்கிறார்களே!

அப்போது அஞ்சம்மா அக்கா எழுந்தாள். அதிகாரியைப் பார்க்கவில்லை. மிராசுதாரைப் பார்த்தாள்.

"ஐயா, நாங்க நேத்து வந்தவங்கன்னு சொல்றீங்க. சரி. அப்ப இந்தப் படம் எடுத்த அன்னிக்கு உங்க களத்துல கட்டி வச்சு உங்க தாத்தா அடிச்சாரே, அது யாரை?"

மிராசுதார் முகம் சிவந்துவிட்டது. நாற்காலி பின்னால் சாய எழுந்தார். "என்ன பேச்சு பேசற? எங்க தாத்தாவா அடிச்சாரு? அவரு பொம்பளை மேல கை வைக்கிறவரா? காத்தாயி உன்னைப் பெத்துப் போட்டப்ப மரக்கா மரக்காவா நெல்லு அளந்து குடுத்தவருடி அவரு! எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்லேருந்து அவ எங்க வீட்டு நெல்லைத்தான் தின்னா!"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே கேட்டது.

அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றினார். "காத்தாயியை உங்களுக்குத் தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்டார். மிராசுதார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். பெயர் அவருக்கு முதலிலிருந்தே தெரியும். கூடத்தில் என்னை எதிரே உட்காரவைத்து, யாருக்கும்மா தெரியும் என்றாரே!

மனை அந்தத் தெருவுக்கே என்று உத்தரவு வந்தது நான் ஈப்போ திரும்பிய பிறகுதான். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் விசாரணையில் பட்ட அவமானத்துக்கு மிராசுதார் பழி தீர்த்தது மறுநாள் காலையிலேயே. அன்று மதியம் பஸ் ஏறி நாகப்பட்டினம் போவதாக இருந்தேன். பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கும்போது லாரிச் சத்தம். தெற்கே வானம் பார்த்த சீமையிலிருந்து நடவுக்கு ஆட்களை இறக்கியிருந்தார். தெருக்காரர்கள் யாருக்கும் வேலை இல்லை என்று பண்ணையை மேற்பார்க்கும் காரியக்காரர் கரையில் நின்று கத்திச் சொன்னார்.

நாற்றங்காலில் பறித்து முடி கட்டிய நாற்று வயல் முழுக்கக் கிடந்தது. லாரியிலிருந்து இறங்கிய பெண்கள் எலும்பும் தோலுமாக இருந்தார்கள். அக்காவும் தெருப் பெண்களும் கரையில் போய் நின்றதும், அடிதடியாகப் போகிறது என்று பயந்து நானும் பின்னால் ஓடினேன்.

"ஆளு கிடைக்கலைன்னுதானே கூட்டியாந்தாங்க" என்றாள் தெற்கத்திப் பெண் ஒருத்தி.

"ஆளு நாங்க இருக்கோமே. நேத்து மனை கேட்டோம், இன்னிக்கு எங்களை நிறுத்திட்டாங்க" என்றாள் அக்கா.

"எங்க ஊருல அடுப்பு எரிஞ்சு நாளாச்சு, ஆத்தா. திரும்பிப் போன்னு சொல்லாத."

நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவள் யோசித்தது கொஞ்ச நேரம்தான். "போன்னு யார் சொன்னா? உக்காரு. இறங்கினா ரெண்டு கூட்டமும் இறங்குவோம். இல்லாட்டி ஒருத்தரும் வேணாம்" என்றாள். தெற்கத்திப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக வந்து கரையில் உட்கார்ந்தார்கள். தெருவிலிருந்து ஒரு பானை நீராகாரம் வந்தது. எல்லாரும் ஒரே குவளையில் குடித்தார்கள்.

காரியக்காரர் கெஞ்சினார், மிரட்டினார், பண்ணை வீட்டுக்கும் வயலுக்கும் ஓடினார். வெயில் ஏற ஏற நாற்று வாடத் தொடங்கியது. உச்சி சாய்ந்த பிறகு வந்து, "எல்லாரும் இறங்குங்க" என்றார். எங்கள் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, வாய்க்காலைப் பார்த்துச் சொன்னார்.

அக்கா சேலையை வரிந்து கட்டிக்கொண்டாள். ஒரு நாற்று முடியைத் தூக்கித் தெற்கத்திப் பெண்ணிடம் போட்டாள்.

"அக்கா, நான் கிளம்பறேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன்.

சேற்றில் ஒரு காலை வைத்தவள் திரும்பினாள். "இப்பவேவா? வந்ததுலேருந்து வழக்கும் வாய்தாவுமாப் போயிடுச்சு. உன் பிள்ளைங்க எத்தனைன்னுகூட நான் கேக்கலை. சாயங்காலம் வரைக்கும் இரு தங்கச்சி."

கப்பலுக்கு இன்னும் சில நாள் இருந்தது. நான் பெட்டியைக் கரையில் வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தேன். தூரத்தில் பஸ் ஹாரன் அடித்து நின்று, பிறகு போனது. அக்கா குனிந்து நட்டுக்கொண்டே, "சொல்லு, எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டாள்.